யார் இறங்கிப் பார்த்தது?

அன்புள்ள ஐயா,

நான் திருவாரூர் பக்கத்துக்காரன், சென்னையில் மென்பொருள் வேலை. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் எங்கள் ஊரில் பேசியதைச் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். ஃபுகுஷிமாவின் கதிர்வீச்சு பசிபிக் முழுவதும் பரவியதைக் காட்டும் வண்ணப்படம் ஒன்றைச் சென்ற வாரம் அலுவலக வாட்ஸப் குழுவில் பகிர்ந்தேன். அது சுனாமி அலையின் உயரத்தைக் காட்டும் படம் என்று ஒருவர் நிரூபித்து, எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். மறுநாள் அதையே எங்கள் ஊர்க் குழுவில் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டிப் பொய் சொல்லும்போது நம் தரப்பில் ஒரு படம் தவறானால் என்ன குடிமுழுகிவிடும்? பருவநிலை மாற்றத்துக்கு அணுமின்சாரமே தீர்வு என்கிறார்களே, சரியா? எதிர்ப்பாளர்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதா?

ர.

அன்புள்ள ர.,

முதல் வாசிப்பில் உங்கள்மேல் பிரியம்தான் வந்தது. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தது அந்த மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தின் நடுவில்தான். அந்தக் குரல் ஒரு பையனின் காதில் இன்னும் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதல். இரண்டாம் வாசிப்பில் கோபம் வந்தது. அலுவலகக் குழுவில் நீங்கள் பகிர்ந்தது பிழை. பொய் என்று தெரிந்த பின், கேள்வி கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்து, சொந்த ஊர்க்காரர்களிடம் கொண்டுபோய்ப் போட்டீர்களே, அதற்குப் பிழை என்று பெயரில்லை. உங்களை நம்புகிறவர்கள் என்பதாலேயே அவர்களை ஏமாற்ற உங்களுக்குத் துணிவு வந்திருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் பற்றிய கேள்வி கூடங்குளம் காலத்திலேயே புளித்துப்போனது. சந்தேகப்படுகிறவர்கள் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அணுமின்சாரம் தீர்வா என்பதற்கு ஒரே பத்தியில் பதில் சொல்கிறவர் எந்தத் தரப்பினராக இருந்தாலும் நம்பாதீர்கள். குடிமுழுகுமா என்று கேட்டீர்களே, அதுதான் சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது.

வடகடலில் ஷெல் நிறுவனத்துக்கு பிரென்ட் ஸ்பார் என்றொரு மிதவை எண்ணெய்க் கிடங்கு இருந்தது. எடை 14,500 டன். பயன்பாடு முடிந்ததும் அதை ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லான்டிக்கின் ஆழத்தில் மூழ்கடிக்க ஷெல் முடிவுசெய்தது. பிரிட்டிஷ் அரசும் அனுமதித்தது. 1995 ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பினர் அதன்மேல் ஏறி அமர்ந்தார்கள். ஜெர்மனியில் வண்டியோட்டிகள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20 அன்று பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். அன்றே ஷெல் பின்வாங்கி அவரைத் தனியே நிற்க விட்டது.

இந்த வெற்றிக்குள்தான் ஒரு தவறான எண் இருந்தது. கிடங்கில் 5,500 டன் எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று போராட்டத்தின் கடைசி நாட்களில் கிரீன்பீஸ் அறிவித்திருந்தது. உண்மையில் அவர்கள் மாதிரி எடுத்தது தொட்டியிலிருந்து அல்ல, தொட்டிக்குச் செல்லும் குழாயிலிருந்து. செப்டம்பரில் அது தெரியவந்ததும் பிரிட்டன் கிரீன்பீஸின் தலைவர் பீட்டர் மெல்செட், ஷெல்லுக்கு எழுதி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நார்வேயின் சுயேச்சைத் தணிக்கையாளர்கள் எண்ணெய் 75 முதல் 100 டன் வரைதான் என்று சொன்னது அதற்குப் பிறகு. பிடிபடும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெர்மனியில் புறக்கணிப்பு தொடங்கியபோது அந்த எண் வெளிவரவே இல்லை. கடல் குப்பைத்தொட்டி அல்ல என்ற ஒற்றை நியாயமே மக்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1998இல் வடகிழக்கு அட்லான்டிக் நாடுகள் கூடி, இத்தகைய எண்ணெய்க் கட்டுமானங்களைக் கடலில் கைவிடுவதைத் தடைசெய்தபோதும் 5,500 தேவைப்படவில்லை. தேவையே இல்லாத அந்த எண்ணைத்தான் எண்ணெய்த் தரப்பினர் இன்றுவரை எடுத்து வீசுகிறார்கள்.

நிறுவனங்கள் பொய் சொல்வதில்லையா என்பீர்கள். நைஜீரியாவின் போடோ ஊர்க் கழிமுகத்தில் 2008இல் இருமுறை குழாய் உடைந்து, அலையாத்திக் காடு எண்ணெயில் செத்தது. கொட்டியது மொத்தம் 4,000 பீப்பாய் என்ற கணக்கில் ஷெல்லின் துணைநிறுவனம் ஆண்டுக்கணக்காக நின்றது. லண்டன் வழக்கின்போதுதான் அது குறைவான கணக்கு என்று ஒப்புக்கொண்டது. 2015இல் 5.5 கோடி பவுண்டு கொடுத்தது. கொடுத்துவிட்டு வழக்கம்போலத் தொழிலைத் தொடர்ந்தது. ஷெல்லால் பொய்யைத் தாங்க முடியும், பணம் இருக்கிறது. போடோவின் மீனவரிடம் ஒரு பொய் பிடிபட்டிருந்தால் வழக்கே கரைந்திருக்கும்.

சொல்வது எளிது, நானும் செய்திருக்கிறேன். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த மீனவர் பேரணி துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, நானும் இரண்டு நண்பர்களும் கூடங்குளம் பற்றிச் சைக்ளோஸ்டைலில் துண்டறிக்கை ஒன்று எடுத்தோம். உலையின் வெந்நீரால் 50 கிலோமீட்டருக்கு மீன் இருக்காது என்று எழுதினேன். அந்த எண் எங்கிருந்து வந்தது? நாற்பது குறைவாகத் தோன்றியது, நூறு நம்பும்படியாக இல்லை, அவ்வளவுதான். ஒரு கடற்கரை ஊரில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்பது கிலோமீட்டர் யாரு எறங்கிப் பாத்தது மக்கா?" என்றார். நான் விழித்தேன். நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த நாட்களில் கரையோடு ஒட்டியே ஓடும், கரையோரக் கடலடிப் பாறைகளான பாரில் அப்போது எந்த மீன் அடையும் என்றெல்லாம் அரைமணி நேரம் சொன்னார். வெந்நீர் எங்கே போகும் என்பதைக் கடலுக்குள் பிழைப்பவர்களிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மிச்சமிருந்த துண்டறிக்கைகளை ஊருக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

உங்களுக்கு அந்த வண்ணப்படம் எதற்கு? 2019 அக்டோபரில் கூடங்குளத்தின் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததாகச் செய்தி வந்தது. இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையம் ஒருநாள் அறிக்கை விட்டது. மறுநாள் அணுமின் கழகம், நிர்வாக வலையமைப்பின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4 அன்றே தங்களுக்குத் தகவல் வந்தது என்றும் சொன்னது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் அது போகவில்லை என்றும் சொன்னது. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஊர்க் குழுவில் அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதற்குக் கீழேயே, இது 2011 மார்ச் 11 சுனாமியின் அலை உயரத்தைக் காட்டும் அமெரிக்கப் படம், தெரிந்தே தவறாகப் பகிர்ந்தேன் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். கூசும். உங்கள் அப்பாவும் அந்தக் குழுவில் இருப்பார் என்று நினைக்கிறேன். எழுதியபின் அணுமின்சாரம் பற்றி மறுபடி கடிதம் போடுங்கள், விரிவாகப் பேசலாம்.