வாசகர் கேள்வி – பதில்: ஊர்ச் சங்கமும் தேசியச் சங்கமும்

எங்கள் மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியர்கள் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்தி வருகிறோம். அகில இந்தியச் செவிலியர் சங்கத்தோடு இணைந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இணைந்தால் நம் குரல் எடுபடாமல் போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நாங்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– ஒரு செவிலியர், நாமக்கல் மாவட்டம்

தேசியச் சங்கத்தில் உறுப்பினராகப் போவது உங்கள் சங்கமா, அல்லது அதிலுள்ள ஒவ்வொரு செவிலியருமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இது வெறும் நடைமுறைச் சிக்கல்போலத் தோன்றலாம். ஆனால் ஒரு தொழிலில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையே இந்த ஒரு விதி தீர்மானித்த வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய தேசியச் செவிலியர் அமைப்பு, செவிலியர் பள்ளிகளின் முன்னாள் மாணவியர் சங்கங்களை ஒன்றுசேர்த்து உருவானது. எனவே வடமாநிலப் பள்ளிகளில் பயின்ற கறுப்பினச் செவிலியர் சிலர், தங்கள் பள்ளிச் சங்கத்தின் வழியாக அதில் இடம் பெற முடிந்தது. ஆனால் செவிலியர் பதிவுச் சட்டங்களை இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்ததால் மாநிலச் சங்கங்கள் வலுப்பெற்றன; 1916-இல் மாநிலச் சங்கத்தின் வழியாகவே தேசிய உறுப்பினராக முடியும் என்று அமைப்பு மாற்றப்பட்டது. தென்மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தன. இதனால் தேசியச் சங்கத்தின் விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமலேயே அவர்களுக்குக் கதவு அடைபட்டது. 1908-இல் மார்த்தா பிராங்க்ளின் முன்னின்று தொடங்கிய கறுப்பினச் செவிலியர் தேசியச் சங்கம் அந்த அநீதியை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியது. மாநிலச் சங்கம் ஏற்காதவர் நேரடியாகத் தேசிய உறுப்பினராகலாம் என்ற விதி 1948-இல்தான் வந்தது. அதன் பின்னரே, 1951-இல், அந்தச் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டு தேசியச் சங்கத்தோடு ஒன்றியது. இடையில் நிற்கும் அமைப்புக்குக் கதவைத் திறக்கவும் மூடவும் முழு அதிகாரம் கொடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நம் நாட்டு நிலைமை வேறு. 1905-இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் சிலர் கூடித் தொடங்கிய அமைப்பின் தொடர்ச்சியாக 1908-இல் உருவானது, செவிலியர்கள் டி.என்.ஏ.ஐ. என்று அழைக்கும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். 1912-இலேயே அது உலகச் செவிலியர் மன்றத்தில் இணைந்துவிட்டது. பதிவு பெற்ற செவிலியர் தனிநபராகவே அதில் சேர்கிறார். மாநிலக் கிளையின் வழியாகப் பங்கேற்கிறார். ஆகவே உங்கள் சங்கத்தைக் கலைக்க வேண்டிய தேவையே எழவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியாக அதில் சேரலாம். உங்கள் சங்கம் தன் பெயர், கணக்கு, பொதுக்குழு ஆகியவற்றோடு அப்படியே இயங்கலாம். அமைப்பாகவே இணையும்படி எந்தச் சங்கமாவது உங்களை அழைத்தால், சந்தாவில் எவ்வளவு மேலே போகும், சம்பளப் பேச்சுவார்த்தையில் யார் கையெழுத்திடுவார், விலக நினைத்தால் சங்கத்தின் பணமும் பதிவேடுகளும் யாரிடம் இருக்கும் என்பவற்றைத் துணைவிதிகளில் எழுத்தாகப் பார்த்த பிறகே தீர்மானம் நிறைவேற்றுங்கள். விலகுவதும் நடக்கக்கூடியதே. கலிஃபோர்னியா மாநிலச் செவிலியர் சங்கம் 1995-இல் அமெரிக்கத் தேசியச் சங்கத்திலிருந்து வெளியேறியது. அதன் தொடர் முயற்சியால், ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்ற சட்டம் 1999-இல் அங்கே இயற்றப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 2016-இலேயே எங்கள் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் தேசியச் சங்கம் வென்ற பிறகும் எங்களுக்கு ஏன் அது கிடைக்கவில்லை?
– ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு

டி.என்.ஏ.ஐ. தொடுத்த வழக்கில்தான் 2016 ஜனவரி 29 அன்று அந்தத் தீர்ப்பு வந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட இடங்களில் அதே நிலையிலுள்ள அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரைதான். மாநில அரசு சட்டமாகவோ அரசாணையாகவோ ஆக்கினால்தான் மருத்துவமனை நிர்வாகங்களை அது கட்டுப்படுத்தும். கேரளத்தில் மாநில அளவிலான செவிலியர் சங்கம் வேலைநிறுத்தத்திற்கும் நெடும்பயணத்திற்கும் ஆயத்தமான நிலையில், 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவிக்கப்பட்டது. டெல்லியில் வழக்காடுவதற்கு உள்ளூர்ச் சங்கத்திடம் வசதி இருக்காது. மாநிலத் தொழிலாளர் துறையின் கதவை நாள்தோறும் தட்டுவதற்குத் தேசியச் சங்கத்திடம் ஆள் இருக்காது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று இருக்கும் செவிலியர்களைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தமே உண்டாகிறது.

செவிலியர் குழுமத்தில் பதிவு செய்திருக்கிறேன். அதுவே சங்க உறுப்பினர் ஆனதற்குச் சமமா? கல்லூரியில் படிக்கும் என் தங்கையும் சேர முடியுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

சமம் இல்லை. குழுமம் 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின் வழியில் வந்தது. அதில் பதிவு செய்யாமல் பணியாற்ற இயலாது. சங்கத்தில் சேர்வது உங்கள் விருப்பம். குழுமம் உங்கள் தகுதிக்குச் சான்று தருகிறது. உங்கள் ஊதியத்திற்காகப் பேசுவது அதன் வேலை அன்று. மாணவியருக்கென டி.என்.ஏ.ஐ.யின் கீழ் 1929 முதல் மாணவச் செவிலியர் சங்கம் இயங்குகிறது. கல்லூரியில் அதன் கிளை இருந்தால், அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் உங்கள் தங்கை பெயர் கொடுக்கலாம்.