போகிமான் டிசிஜி பாக்கெட்: காசு செலவழிக்காமல் ஆடுவோரின் கேள்விகளும் பதில்களும்

போகிமான் டிசிஜி பாக்கெட் என்னும் கைப்பேசி அட்டை விளையாட்டு 2024 அக்டோபர் 30 அன்று உலகெங்கும் வெளியானது. தாள் அட்டைகளை உருவாக்கும் கிரியேச்சர்ஸ் நிறுவனமும் டிஎன்ஏ நிறுவனமும் போகிமான் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய இந்த விளையாட்டில், நாளொன்றுக்கு இரண்டு பேக்குகளை (அட்டை உறைகளை) இலவசமாகப் பிரிக்கலாம். பேக்குக்கு ஐந்து அட்டைகள் கிடைக்கும். அவற்றைச் சேகரிப்பதோடு, இருபது அட்டைகள் கொண்ட டெக் அமைத்துப் பிறருடன் மோதவும் செய்யலாம். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பணம் கட்டாமல் ஆடுபவரின் நிலையை முதன்மையாகக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஜெனெடிக் ஏபெக்ஸ் தொகுப்பின் மியூடூ பேக்கை அறுபது முறைக்கு மேல் பிரித்தும் மியூடூ ஈஎக்ஸ் வரவில்லை. என் கணக்கில் ஏதேனும் கோளாறு இருக்குமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. பேக்கின் முதல் மூன்று இடங்களில் சாதாரண அட்டைகள்தான் வரும். அரிய அட்டை என்பதைக் காட்டும் நான்கு வைரக் குறி உள்ள, வலிமை மிகுந்த ஈஎக்ஸ் அட்டை நான்காம் இடத்தில் வருவதற்கான வாய்ப்பு 1.666 சதவீதம், ஐந்தாம் இடத்தில் 6.664 சதவீதம் என்று விளையாட்டே வெளியிட்டிருக்கிறது. இந்த வாய்ப்பை அந்தப் பேக்கில் உள்ள ஈஎக்ஸ் அட்டைகள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்வதால், நீங்கள் தேடும் ஒரே ஓர் அட்டைக்குக் கிடைப்பது ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அறுபதில் ஒன்று என்றால் அறுபதாவது பேக்கிற்குள் கட்டாயம் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பேக்கும் முந்தையதை அறியாத தனி முயற்சி என்பதால், அறுபது பேக் பிரித்தவர்களில் ஏறக்குறைய 37 சதவீதத்தினர் உங்களைப் போலவே வெறுங்கையோடு இருப்பார்கள் என்பதே கணக்கு. நூறு பேக் பிரித்த பிறகும் ஐவரில் ஒருவர் அந்நிலையில் இருக்கக்கூடும்.

ஆனால் நூறாவது பேக்கில் உங்களுக்கு வேறொரு வழி திறக்கிறது. ஒவ்வொரு பேக்கிற்கும் ஐந்து பேக் பாயிண்ட் சேரும். 500 பாயிண்ட் கொடுத்து அந்தத் தொகுப்பின் எந்த நான்கு வைர ஈஎக்ஸ் அட்டையையும் நேரடியாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள்; இந்த நிலையில் வேறு தொகுப்புக்குத் தாவிவிடாதீர்கள்.

கேள்வி: ஏன் தாவக்கூடாது? புதிய தொகுப்பு வெளியானவுடன் அதைப் பிரிப்பதுதானே எல்லோரும் செய்வது?

பதில்: பேக் பாயிண்ட் அந்தந்தத் தொகுப்புக்கு மட்டுமே உரியது; ஜெனெடிக் ஏபெக்ஸில் சேர்த்ததை மிதிக்கல் ஐலண்ட் என்னும் வேறொரு தொகுப்பில் செலவிட முடியாது. 2025ஆம் ஆண்டில் ஏறக்குறைய மாதத்திற்கு ஒரு புதிய தொகுப்பு வந்தது. இலவச பேக்குகளை மட்டும் நம்பும் ஒருவர் ஒரு மாதத்தில் பிரிக்கக்கூடியவை அறுபதுதான். பணிகளை முடித்துப் பெறும் மணற்கடிகாரங்கள், பன்னிரண்டுக்கு ஒரு பேக் வீதம், சிலவற்றைக் கூட்டித் தரும். அறுபது பேக் என்றால் 300 பாயிண்ட். ஒவ்வொரு மாதமும் புதியதற்கு மாறுபவருக்கு எல்லாத் தொகுப்பிலும் அரைகுறையாக 300 பாயிண்ட் தேங்கி நிற்கும், எதிலும் 500 எட்டாது. இலவசமாக ஆடுபவர்கள் சோர்ந்துபோவதற்கு, அதிர்ஷ்டமின்மையைவிட இந்தச் சிதறலே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தொகுப்பைத் தேர்ந்துகொண்டு, அதில் உங்கள் டெக்கிற்கு வேண்டிய அட்டைகள் கைக்கு வரும்வரை அங்கேயே இருங்கள். மணற்கடிகாரங்களையும் அதுவரை வேறெதற்கும் செலவிடாதீர்கள்.

இதே கணக்கைப் பொன்னிறக் கிரீட அட்டைகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேக்கில் ஏதேனும் ஒரு கிரீட அட்டை வருவதற்கான மொத்த வாய்ப்பு 0.2 சதவீதம், அதாவது சராசரியாக 500 பேக்குக்கு ஒன்று. பாயிண்ட் கொடுத்து வாங்க 2,500 வேண்டும். அதற்கும் 500 பேக்தான். ஆட்டத்தில் அதன் வலிமை சாதாரண ஈஎக்ஸ் அட்டைக்குச் சமமே என்பதால், அழகுக்காகச் சேகரிப்பவரைத் தவிர மற்றவர்கள் அதைத் துரத்த வேண்டியதில்லை.

கேள்வி: திரையில் பேக்குகளைச் சுழற்றும்போது ஓரம் மடங்கியிருப்பதைத் தேர்ந்தால் நல்ல அட்டை வரும் என்கிறார்களே?

பதில்: அதில் உண்மை இல்லை. வெளியிடப்பட்ட விகிதங்களில் உறையின் தோற்றத்திற்கு எந்த இடமும் கிடையாது. ஐந்து அட்டைகளுமே நட்சத்திரக் குறியோ கிரீடக் குறியோ உள்ளவையாக வரும் அரிய பேக்கின் வாய்ப்பு 0.05 சதவீதம், எந்த உறையைத் தொட்டாலும் அது அவ்வளவுதான்.

கேள்வி: மியூடூ, பிகாச்சு இரண்டும் ஈஎக்ஸாகக் கிடைத்துவிட்டன. இரண்டையும் ஒரே டெக்கில் வைத்தும் தொடர்ந்து தோற்கிறேன்.

பதில்: இரண்டும் வலிமையானவை, ஆனால் ஒன்றுக்கொன்று உதவாதவை. இந்த விளையாட்டில், தாக்குவதற்குத் தேவையான எனர்ஜிக்கென்று தனி அட்டைகள் இல்லை. டெக்கில் நீங்கள் குறித்த வகைகளிலிருந்து எனர்ஜி ஸோன் ஒவ்வொரு முறைக்கும் ஒன்றைத் தருகிறது. ஒரே வகையைக் குறித்திருந்தால் அது நிச்சயம். இரண்டைக் குறித்தால் எது வரும் என்பது ஒவ்வொரு முறையும் பூவா தலையாதான். அதற்கு மேல், பிகாச்சுவின் தாக்குதல் பெஞ்சில் (பின்வரிசையில்) இருக்கும் ஒவ்வொரு மின்வகைப் போகிமானுக்கும் 30 என்று கணக்கிடுகிறது. பெஞ்சில் மியூடூவும் அதன் துணைகளும் அமர்ந்திருந்தால் அந்தத் தாக்குதலுக்கு மதிப்பே இல்லை.

மியூடூவை மட்டும் வைத்து அமைக்கும் டெக்கைப் பாருங்கள். அதன் சைடிரைவ் தாக்குதலுக்கு நான்கு எனர்ஜி வேண்டும். 150 சேதம் தந்துவிட்டு, தன் வகையான சைக்கிக் எனர்ஜியில் இரண்டை இழக்கும். பெஞ்சில் கார்டிவோர் இருந்தால், அதன் ஆற்றலால் முறைக்கு ஒரு சைக்கிக் எனர்ஜி கூடுதலாக முன்வரிசைப் போகிமானுக்குச் சேரும். வழக்கமான ஒன்றோடு சேர்த்து இரண்டாகிறது. இழந்த இரண்டும் அடுத்த முறையிலேயே திரும்பிவிடுவதால், மியூடூ இடைவிடாமல் 150 அடித்துக்கொண்டே இருக்க முடிகிறது. இருபது அட்டைகளில் மியூடூ இரண்டு, ரால்ட்ஸ், அது பரிணாமம் பெற்று ஆகும் கிர்லியா, அதிலிருந்து வரும் கார்டிவோர் ஒவ்வொன்றும் இரண்டு. மீதிப் பன்னிரண்டும் போகி பால், புரொபசர்ஸ் ரிசர்ச், சப்ரினா, ஜியோவானி, எக்ஸ் ஸ்பீட் போன்ற துணை அட்டைகளாக இருக்கட்டும். வேறு அடிப்படைப் போகிமான் (பரிணாமம் இல்லாமலேயே நேரடியாகக் களமிறங்குவது) எதையும் சேர்க்காதீர்கள், ஏனெனில் போகி பால் டெக்கிலிருந்து ஏதேனும் ஓர் அடிப்படைப் போகிமானைத்தான் எடுத்துத் தரும். மியூடூவும் ரால்ட்ஸுமாக நான்கு மட்டுமே இருக்கும்போது அது தருவது எதுவாயினும் உங்களுக்குப் பயன்படும்.

மூன்று புள்ளி எடுத்தவர் வெல்கிறார், ஈஎக்ஸ் விழுந்தால் எதிராளிக்கு இரண்டு புள்ளி என்பதையும் மனத்தில் வையுங்கள். இரண்டு மியூடூவும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது; ஆகவே கார்டிவோர் வரும்வரை ரால்ட்ஸை முன்னே நிறுத்தி ஒரு புள்ளியை விட்டுக்கொடுப்பதுகூடச் சில வேளைகளில் சரியான முடிவே.

கேள்வி: முதலில் ஆடுவது நல்லதா, இரண்டாவதா?

பதில்: முதலில் ஆடுபவருக்கு அந்த முதல் முறையில் எனர்ஜி கிடையாது, எனவே வேகமாகத் தாக்கும் டெக்குக்கு இரண்டாவது இடம் நல்லது. கார்டிவோர் போலப் பரிணாமத்தை நம்பும் டெக்குக்கு முதலிடம் ஒரு படி முன்னே பரிணாமம் பெற உதவும்.

கேள்வி: மிஸ்டி அட்டையால் முதல் முறையிலேயே தோற்றுவிடுகிறேன். இது நியாயமா?

பதில்: பூ விழும்வரை நாணயத்தைச் சுண்டி, விழுந்த ஒவ்வொரு தலைக்கும் ஒரு நீர் எனர்ஜி தரும் அட்டை மிஸ்டி. இதன் சராசரிப் பலன் ஒரே ஓர் எனர்ஜி. பாதி முறை ஒன்றுமே கிடைக்காது; மூன்றோ அதற்கு மேலோ கிடைப்பது எட்டில் ஒரு முறைதான். அந்த எட்டில் ஒன்று உங்கள் மனத்தில் தங்கிவிடுகிறது, பயனில்லாமல் போன நான்கும் தங்குவதில்லை. இருந்தாலும் எதிர்த்து ஆட வழியே இல்லாமல் ஓர் ஆட்டம் முடிவது நல்ல வடிவமைப்பு அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: நண்பருடன் அட்டை மாற்றிக்கொள்வதற்கு ஏன் முன்பு அவ்வளவு எதிர்ப்பு எழுந்தது?

பதில்: 2025 ஜனவரி இறுதியில் இந்த வசதி வந்தபோது, ஓர் ஈஎக்ஸை மாற்ற 500 டிரேட் டோக்கன் கேட்டார்கள், உபரியாக உள்ள ஓர் ஈஎக்ஸை அழித்தால் 125 மட்டுமே கிடைத்தது. அதாவது, ஒன்றைப் பெற நான்கை அழிக்க வேண்டும். எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் அந்த டோக்கனை நீக்கி, பேக் பிரிக்கும்போது உபரி அட்டைகளுக்குத் தானாகச் சேரும் ஷைன்டஸ்ட்டைக் கொண்டு மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் இதை ஆடுகிறான். இது சூதாட்டம் போல் தெரிகிறது. தடுத்துவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கவலை சரியானது, அதை யாரும் மிகை என்று சொல்ல முடியாது. விலை கொடுத்து, என்ன வரும் என்று தெரியாத ஒன்றை வாங்கும் முறையை அரசுகளே ஆராய்ந்திருக்கின்றன. தற்செயலாகக் கிடைக்கும் பொருள்களின் முழுத் தொகுதியைச் சேர்த்தால் பெரிய பரிசு என்னும் முறையை ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை 2012இல் சட்டவிரோதம் என்றது. டிஎன்ஏ உள்ளிட்ட நிறுவனங்கள் அப்போது அதைக் கைவிட்டன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் வேறு சில விளையாட்டுகளின் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

தடுப்பதற்கு முன், பணம் செல்லும் வழியை மட்டும் அடைத்துப் பாருங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம் பகுதியில் செயலிக்குள் வாங்குவதையே நிறுத்தலாம். நாளுக்கு ஒரு கூடுதல் பேக் தரும் பிரீமியம் பாஸ் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர், இரண்டு வார இலவசக் காலம் முடிந்ததும் அது தானாகக் கட்டணச் சந்தாவாக மாறும், செயலியை அழித்தாலும் சந்தா நிற்காது. அவன் அதை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறானா என்று ஸ்டோரின் சந்தாப் பட்டியலில் இன்றே பார்த்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் தட்டச்சு செய்து அவனோடு உரையாடும் வசதி இந்த விளையாட்டில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

கேள்வி: இதை ஆடிப் பழகினால் தாள் அட்டைப் போட்டிகளிலும் ஆட முடியுமா?

பதில்: அடிப்படை ஒன்றேயானாலும் அளவுகள் வேறு. தாள் ஆட்டத்தில் அறுபது அட்டைகள், ஒரே பெயரில் நான்கு வரை, பெஞ்சில் ஐந்து இடம், புள்ளிகளுக்குப் பதிலாக ஆறு பரிசு அட்டைகள்; எனர்ஜியும் டெக்கிலேயே கலந்திருக்கும். அங்கே அட்டைகள் தீர்ந்துபோனால் தோல்வி, இங்கே அப்படி இல்லை. தாள் ஆட்டத்திற்குச் செல்பவர் முதலில் பழக வேண்டியது எனர்ஜியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதைத்தான், ஏனெனில் பாக்கெட் உங்களுக்காகச் செய்துவந்த அந்த வேலையை அங்கே நீங்களே செய்ய வேண்டும்.