உருமாறிய வைரஸும் தோட்டத்துக் கொசுவும்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு டெங்கு வந்து போனது. இப்போது ‘உருமாறிய டெங்கு’, ‘உருமாறிய சிக்குன்குனியா’ என்று செய்திகளில் அடிபடுகிறது. வீட்டுக்குள் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் மூடித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் தோட்டத்தில் பட்டப்பகலிலேயே கொசு கடிக்கிறது. வைரஸின் மரபணு மாறினால் வேகமாகப் பரவுமா? நாங்கள் புதிதாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: உருமாறாத வைரஸ் என்று ஒன்று கிடையாது. டெங்கு வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுக்கும் நொதிக்கு எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் பழக்கம் இல்லை. கிட்டத்தட்ட பிரதிக்கு ஒன்று என்ற கணக்கில் பிழை விழுந்துகொண்டே இருக்கும். அதனால் ‘உருமாறிய’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதறாதீர்கள். உருமாறி எதைச் சாதித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இந்த வைரஸ்கள் இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்துபவை. மனித உடலில் தோதாக இருக்கும் மாற்றம், கொசுவுக்குள் போனதும் காலை வாரிவிடும். கொசுவுக்கு ஏற்றது மனிதனிடம் எடுபடாமல் போகும்.

கொசுவுக்குள் நுழைவதே பெரிய பாடு. ஒரு முறை கடித்து அது குடிப்பது இரண்டு மூன்று மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதில் இருக்கும் வைரஸ், ரத்தம் செரித்து முடிவதற்குள் நடுக்குடல் செல்களில் ஒட்டி உள்ளே போக வேண்டும். அங்கிருந்து வெளியேறி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். டெங்குவுக்கு இதற்குச் சராசரியாக 8 முதல் 12 நாள் ஆகிறது. வெயில் ஏறினால் இன்னும் குறையும். அதற்குள் கொசு செத்துப்போனால் கதை முடிந்தது. ஆக, குடல் வாசலை எளிதாகத் திறக்கும் மாற்றமும், இந்தப் பயண நாள்களைக் குறைக்கும் மாற்றமும்தான் நாம் கவலைப்பட வேண்டியவை. கொசு பரப்பும் இன்னொரு வைரஸைப் பாருங்கள்: 1999-இல் நியூயார்க்கில் தலைகாட்டிய வெஸ்ட் நைல் வைரஸை, சில ஆண்டுகளிலேயே வேறொரு மரபு வகை ஓரங்கட்டிவிட்டது. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் எச்சிலுக்கு இந்தப் புது வகை சில நாள் முன்னதாகவே வந்து சேர்ந்ததை ஆய்வகத்தில் பார்த்தார்கள்.

உங்கள் தோட்டத்துக் கேள்விக்கு நேரடியான பதில் சிக்குன்குனியாவில் இருக்கிறது. 2005-06-இல் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் வழக்கமாகப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு அங்கே அரிது. மலிந்திருந்தது ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது ஆசியப் புலிக் கொசு. பரவலின் தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில், வைரஸின் மேலுறையில் உள்ள இ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. சில மாதங்களில் பெரும்பாலான மாதிரிகளில் அதே இடத்தில் வேலின். மாறியது ஒரே ஓர் எழுத்து. புலிக் கொசுவின் குடலைப் பிடிக்க முன்பு தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு குறைவான வைரஸே போதும் என்றாகிவிட்டது. எஜிப்தி கொசுவில் இந்த மாற்றத்தால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் எதுவும் இல்லை. 2007-இல் கேரளத்திலும் இதே மாற்றம் தென்பட்டது. அங்கே ரப்பர் பால் வடியும் கிண்ணங்களில் மழைநீர் தேங்க, புலிக் கொசு பெருகியிருந்தது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆசியாவில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் பழைய சிக்குன்குனியா வம்சத்துக்கு இந்த 226 மாற்றம் கைகொடுக்கவில்லை. அதே புரதத்தின் 98-ஆம் இடத்தில் இருக்கும் வேறோர் அமினோ அமிலம் முட்டுக்கட்டை போட்டுவிடுகிறது. மாற்றத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஆபத்தை எடைபோட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் தோட்டம். எஜிப்தி வீட்டோடு ஒட்டி வாழும். தொட்டி, டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு அதன் இடங்கள். புலிக் கொசுவுக்குப் பச்சைதான் பிடிக்கும்: மரப்பொந்து, வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை, தண்ணீர் நிற்கும் இலை இடுக்கு, செடித்தொட்டியின் அடித்தட்டு, கிடப்பில் போட்ட டயர். அடித்த கொசுவை வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸால் பாருங்கள். முதுகில் நடுவே ஒரே வெள்ளைக் கோடு ஓடினால் புலிக் கொசு. யாழ் வடிவில் வளைந்த கோடுகள் இருந்தால் எஜிப்தி. நீங்கள் வீட்டுக்குள் செய்வது எஜிப்திக்கான வேலை. சிக்குன்குனியா பரவும் காலத்தில் அது பாதி வேலைதான். மரப்பொந்தில் மண்ணோ மணலோ போட்டு அடையுங்கள், மூங்கில் கட்டையைக் கணுவோடு சேர்த்து வெட்டுங்கள். கொசுவிரட்டிக் களிம்பையும் வலையையும் மாற்ற வேண்டியதில்லை. அவை தடுப்பது கொசுவை, வைரஸ் எந்த வம்சம் என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் யோசிப்பது டெங்குவைப் பற்றி. சிக்குன்குனியா ஒருமுறை வந்தால் எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிற்கும், டெங்கு அப்படியில்லை. அதில் நான்கு வகைகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த வகை திரும்ப வந்தால் உடல் தாங்கிக்கொள்ளும். வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள்கள் அதை முழுதாக அடக்க முடியாமல், செல்களுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடக்கூடும். அதனால்தான் இரண்டாம் டெங்குவில் ஆபத்து கூடுகிறது. இதிலும் மரபு வேறுபாடு விளையாடுகிறது. 1995-இல் பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரில், முன்பே முதலாம் வகை கண்டவர்களிடையே இரண்டாம் வகை பரவியது. பயந்தபடி ரத்தக்கசிவு டெங்கு வரவில்லை. வந்தது இரண்டாம் வகைக்குள் ஒரு கிளையான அமெரிக்க மரபு. ஆசிய மரபோடு ஒப்பிட்டால் சாது. செய்தியில் ‘புதிய டெங்கு’ என்று வந்தால், அது வேறு வகையா, அதே வகையின் வேறு மரபா என்று தேடிப் படியுங்கள். வேறு வகை என்றால் உங்களுக்கு அக்கறை அதிகம்.

காய்ச்சல் வந்தால் முன்பு டெங்கு வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். இரண்டாம் முறையில், வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். ஆகிய ரத்தச் சோதனைகள் டெங்குவைத் தவறவிட வாய்ப்பு அதிகம். ‘நெகட்டிவ்’ என்ற ஒரு தாளை வைத்து நிம்மதியடைய வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தொடாதீர்கள். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் கண்காணிப்பு வேண்டும்: கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தொட்டிகளை மூடி வைப்பதாகச் சொன்னீர்கள். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறீர்களா? ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும்.