பன்னிரண்டாவது இன்னிங்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சான் ஹோசேயில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 74 வயது, சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். 2024 ஜூன் 18 அன்று பேஸ்பால் வீரர் வில்லி மேஸ் இறந்த செய்தி வந்ததும், பழைய 24-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். “93 வயது, எங்கள் ஊரில் இதைக் கல்யாணச் சாவு என்போம்” என்று ஆறுதல் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. நேரில் பழகாத ஒருவருக்காக இப்படி அழலாமா? அதுவும், 42 வயதுவரை விளையாடி, உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டித் தொடரில் பந்தை விட்டுவிட்டுத் தடுமாறி விழுந்தவர் என்று படித்தேன். உச்சத்திலேயே விலகியிருக்கலாமே? பி.கு.: என் மகனைச் சேர்த்துவிட வேண்டியது பேஸ்பாலிலா, கிரிக்கெட்டிலா?

ர.

அன்புள்ள ர.,

பின்குறிப்புக்குப் பதில் உங்கள் மகனிடம் இருக்கிறது. அவனைக் கேளுங்கள்.

கல்யாணச் சாவு என்பது பறை அடித்து வழியனுப்பும் சொந்தபந்தம் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல். அழுதுகொண்டிருப்பவரிடம் போய், உன் அழுகைக்கு இங்கே வேலையில்லை என்ற தொனியில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் பேசாமல் இருந்தது பெருந்தன்மை.

மேஸ் ஆடிய ஜயண்ட்ஸ் அணி 1958-ல் நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது உங்கள் பெரியவருக்கு எட்டு வயது. மேஸ் ஓடும்போது தொப்பி பறந்துவிடும். உயரே வரும் பந்தை எல்லோரும் முகத்துக்கு நேரே பிடிப்பார்கள், இவர் மடியில் பூ ஏந்துவதுபோல வயிற்றருகே பிடிப்பார். அந்த வயதில் அதைப் பார்த்த பையன் தெருவில் எத்தனை நாள் தொப்பியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓடியிருப்பான்! அந்த ஊரில்தான் 1957-ல், கறுப்பர் என்பதால், மேஸுக்கு வீடு விற்க முதலில் மறுத்தார்கள். உங்கள் பெரியவரின் பெற்றோர் அதைப் பற்றி வீட்டில் என்ன பேசினார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

சரி, உச்சத்தில் விலகுவது. இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நடிகர், பாடகர், எழுத்தாளர் என்று ஒருவரையும் விடாமல் சொல்கிறோம். யாருக்காக விலக வேண்டும்? நம் மனதில் உள்ள படம் கசங்கக் கூடாது என்பதற்காக. 17 வயதில் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் என்ற கறுப்பர் அணிக்கு ஆட வந்தவர், 660 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்தவர், ராணுவ சேவையில் ஏறக்குறைய இரண்டு பருவங்களை இழந்தவர். இன்னும் ஒரு வருடம் ஆடலாமா என்று அவர் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்புக்காக அங்கே வந்திருந்தேன். நண்பர் என்னை ஜயண்ட்ஸ் மைதான வாசலுக்குக் கூட்டிப்போனார். மேஸின் வெண்கலச் சிலையைச் சுற்றி 24 பனைகள். அங்கே நின்றிருந்த ஒரு முதியவரிடம் நானும் உங்களைப் போலவே அந்தத் தடுமாற்றத்தைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தேன். அவர் கோபப்படவில்லை. “அதே ஆட்டத்தில் பன்னிரண்டாவது இன்னிங்ஸ் தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது.

1973 அக்டோபர் 14, ஓக்லண்ட். மேஸ் அப்போது நியூயார்க் மெட்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார். கண்ணைக் குத்தும் வெயில். ஒன்பதாவது இன்னிங்ஸில், மைதானத்தின் பின்பகுதி நடுவான சென்டர் ஃபீல்டில், பந்தை விட்டுவிட்டுத் தடுமாறி விழுந்தார். எதிரணியான ஓக்லண்ட் ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது. நீங்கள் படித்தது இதுவரைதான். எல்லோரும் எழுதுவதும் இதுவரைதான். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமன் என்றால் ஆட்டம் நீளும். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட்டான பிறகு, அதே மனிதர் மட்டையோடு வந்தார். எதிரே ரோலி ஃபிங்கர்ஸ், அன்றைய மிகச் சிறந்த பந்தெறியாளர்களில் ஒருவர். மேஸ் அடித்த பந்து ஃபிங்கர்ஸின் தலைக்கு மேலே எகிறி நடுவே ஓடியது. ஓட்டத்தின் கடைசி நிறுத்தமான மூன்றாம் பேஸில் நின்ற மெட்ஸ் வீரர் ஓடி வந்து சேர, மெட்ஸ் முன்னிலை பெற்றது. ஆட்டத்தையும் 10-7 என்று வென்றது. மேஸ் வாழ்நாளில் அடித்த கடைசி ஹிட் அதுதான். விழுந்து மூன்றே இன்னிங்ஸ் கழித்து!

அந்த முதியவர் அன்று அப்பாவோடு மைதானத்தில் இருந்திருக்கிறார். மேஸ் விழுந்ததும் அப்பா எழுந்துவிட்டார். “என்னால் இதைப் பார்க்க முடியாது, வா” என்று மகனை இழுத்துக்கொண்டு வெளியே வந்து காரை எடுத்தார். வழியெல்லாம் பேச்சில்லை. ரேடியோவை மகன்தான் போட்டிருக்கிறார். அந்த அடியை வர்ணனையில் கேட்டதும் அப்பா காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். “நாங்கள் இருந்து பார்த்திருக்கலாம்” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

ர., நாளைக்குச் சாயங்காலம் அந்த வாசல்படிக்குப் போங்கள். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம். பன்னிரண்டாவது இன்னிங்ஸின்போது அவர் எங்கே இருந்தார் என்று மட்டும் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.