டிஸ்க் கையில் இருக்கிறது, இடம் எங்கே போனது?

கன்சோல் பழுது பார்த்த கைதான் இந்தப் பகுதியை எழுதுகிறது என்று தெரிந்ததிலிருந்து, வாசகர்கள் சந்தேகங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். இந்த முறை எல்லாமே ஒரே புலம்பல்: இடம் போதவில்லை.

கேள்வி: மகனுக்கு 825 ஜிபி என்று சொல்லித்தான் பிளேஸ்டேஷன் 5 வாங்கினோம். சில கேம்கள் போட்டதுமே நிறைந்துவிட்டது என்கிறான். பழையதை அழி என்றால் அழுகிறான். இத்தனைக்கும் எல்லாவற்றையும் டிஸ்க்காகத்தான் வாங்குகிறோம். டிஸ்க்கில் இருப்பதை எதற்காக மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும்? பையன் கதை விடுகிறானா? (ஒரு அம்மா)

பையன் சொல்வது உண்மை, அம்மா. 2020இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமே இல்லாத வேகமான உள்சேமிப்பு) இருந்தாலும், கன்சோலின் சொந்தத் தேவை போக கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபிதான். நூறு ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். சுழலும் டிஸ்க்கிலிருந்து படித்துப் படித்து ஓட்டினால் இன்றைய கேம் நகரவே நகராது. அதனால் டிஸ்க்கில் உள்ளதை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றித்தான் விளையாட வேண்டும். அதன் பிறகு டிஸ்க், ‘இது என்னுடையதுதான்’ என்று காட்டும் அனுமதிச் சீட்டு மட்டுமே. அதைச் செருகாமல் கேம் திறக்காது. செருகியதால் இடமும் மிச்சமாகாது.

பையன் அழுவதற்குக் காரணம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேமை அழித்தால் தான் தாண்டி வந்த கட்டங்களும் போய்விடும் என்று பயப்படுகிறான். போகாது. அவன் எதுவரை வந்தான் என்ற பதிவு, அதாவது சேவ் டேட்டா, தனியாக இருக்கிறது. கேமை அழித்தாலும் அது கன்சோலிலேயே இருக்கும். பிறகு ஒருநாள் திரும்ப ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் கேம்களும் சேவ் டேட்டாவும் தனித்தனியாகத் தெரியும். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் டேட்டாவை யுஎஸ்பியில் நகல் எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடில் ஒரு பிரதி இருக்கும். சந்தா இல்லையென்றால் சேவ் டேட்டா பக்கம் கையை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரு கேம் எதற்கு 150 ஜிபி? புரோகிராம் எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம் என்கிறேன் நான். சரிதானே?

பாதி சரி. புரோகிராம் என்று நீங்கள் சொல்வது அந்த 150 ஜிபியில் ஒரு மூலைக்குக்கூட வராது. இடத்தை அடைப்பவை படங்களும் ஒலியும்.

ஒரு சுவரின் மேல் ஒட்டும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 2,048 புள்ளி, உயரம் 2,048 புள்ளி. கேம்களில் வழக்கமாகச் செய்வதுபோல் சுருக்கி, ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தால் 4 எம்பி. 4கே டிவியில் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கமும் இரட்டித்தால் 16 எம்பி. அளவு இரண்டு மடங்கானது, இடம் நான்கு மடங்கானது. ஒரு சுவருக்கு நிறத்துக்கொன்று, மேடுபள்ளத்துக்கொன்று, பளபளப்புக்கொன்று என்று பல படங்கள் வேண்டும். கேமில் சுவர்கள் எத்தனை, மரங்கள் எத்தனை, முகங்கள் எத்தனை? இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. நாம் கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள்.

ஒலியின் கதை வேறு. 2014இல் பிசிக்கு வந்த டைட்டன்ஃபால் 48 ஜிபி. அதில் சுமார் 35 ஜிபி சுருக்காத ஒலி! விளையாடும்போதே ஒலியை விரிக்கிற வேலை பலவீனமான கணினிகளுக்குச் சுமையாகிவிடும் என்பதுதான் காரணம். வேகத்தை மிச்சம் பிடிக்க இடத்தைச் செலவழித்தார்கள்.

மூன்றாவது காரணம் எனக்குப் பிடித்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்துதான் தரவைத் தேடும். நகர்கிற ஒவ்வொரு முறையும் நேரம் வீண். அதனால் ஒரே பொருளின் தரவை, எங்கெங்கே தேவையோ அங்கெல்லாம் நகல் எடுத்து வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 5ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் பேசியபோது, ஸ்பைடர்மேன் கேமில் சில தரவுகள் 400 முறை நகலெடுக்கப்பட்டிருந்ததைச் சொன்னார். தெருவோரத் தபால்பெட்டி போன்ற பொருள்கள்தான்! எஸ்.எஸ்.டி.யில் முள் இல்லை, நகல்களும் தேவையில்லை.

ஆனால் பழக்கம் லேசில் விடுகிறதா? ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பதிப்பு, ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து 154 ஜிபி வரை வீங்கியது. 2025 டிசம்பரில் அந்த நகல்களை நீக்கினார்கள். சுமார் 23 ஜிபி ஆனது. கேம் அதே கேம்தான். இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் கோபம் நியாயம்.

கேள்வி: பழைய கணினியிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. யுஎஸ்பி பெட்டியில் போட்டு கன்சோலில் செருகினால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். பிளேஸ்டேஷன் 5ஆக இருந்தால், பிளேஸ்டேஷன் 4 கேம்களை அந்த டிஸ்க்கிலிருந்தே நேராக விளையாடலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களை அதில் வைக்கத்தான் முடியும். விளையாடும்போது உள்ளே நகர்த்திக்கொள்ள வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இதே கதை: பழைய தலைமுறை கேம்கள் ஓடும், புதியவை தூங்கும்.

தூங்கினாலும் லாபம்தான். 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் இணையத்தில் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பியிலிருந்து உள்ளே நகர்த்த அவ்வளவு நேரம் ஆகாது, டேட்டாவும் செலவாகாது. பெட்டி யுஎஸ்பி 3 வகையாக இருக்கட்டும். பிளேஸ்டேஷன் 5இல் நேராகச் செருகுங்கள், ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வழியாக ஏற்காது. முதல்முறை செருகும்போது கன்சோல் அதை ஃபார்மேட் செய்துவிடும். பழைய கல்யாண போட்டோக்கள் ஏதாவது அதில் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை.

கேள்வி: உள்ளேயே கூடுதல் எஸ்.எஸ்.டி. போடலாம் என்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது?

எந்தக் கன்சோல் என்று எழுதவில்லையே! பிளேஸ்டேஷன் 5 என்றால் எம்.2 வகை, பிசிஐஇ ஜென் 4, படிக்கும் வேகம் வினாடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கட்டாயம் வேண்டும். அதையும் சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கணினிக்காகச் செய்த தடித்த ஹீட்சிங்க்கை வாங்கிவிட்டு மூடி மூடவில்லை என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2 டிபிக்கு மேல் வீட்டில் யாருக்கும் தேவைப்படாது என்பது என் எண்ணம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் என்றால் அதற்கென்றே உள்ள விரிவாக்க அட்டைதான். பின்னால் செருகினால் முடிந்தது, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். 512 ஜிபி சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்குக் கையில் கிடைப்பது 364 ஜிபிதான், அவர்கள் அட்டை கேட்பதில் தவறே இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று போட்டிருக்கும் அட்டையை மட்டும் வாங்குங்கள். பழைய ஸ்விட்சின் அட்டை உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதில் கேம் ஓடாது.

கேள்வி: கால் ஆஃப் டூட்டியில் கதைப் பகுதியை முடித்துவிட்டேன். அதை மட்டும் தூக்க வழி உண்டா?

உண்டு. பிளேஸ்டேஷன் 5 என்றால், கேமின் மேல் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். 2019இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 200 ஜிபியைத் தாண்டிப் போனபோது எல்லோரும் கேட்டது இதைத்தான். எல்லா கேம்களும் இந்த வசதியைத் தருவதில்லை.

கேள்வி: என்னுடையது 500 ஜிபி பிளேஸ்டேஷன் 4. இன்னும் 40 ஜிபி காலியாக இருக்கிறது. 5 ஜிபி அப்டேட்டுக்கு இடமில்லை என்கிறது. கன்சோல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதன் பழக்கமே அதுதான். பிளேஸ்டேஷன் 4 ஒரு கேமை அப்டேட் செய்யும்போது, இருக்கும் கேமோடு புதியதைச் சேர்த்து முழுதாக இன்னொரு பிரதி தயாரிக்கும். அது முடிந்த பிறகுதான் பழையதை விடும். 60 ஜிபி கேம் என்றால், அப்டேட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கிட்டத்தட்ட அதே அளவு காலி இடம் கேட்கும். இப்போதைக்கு நீங்கள் விளையாடாத வேறொரு பெரிய கேமை அழித்துவிட்டு அப்டேட்டைப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அப்டேட் கேட்கும் கேமையே அழித்துவிட்டு புதிதாக இறக்குங்கள், சேவ் பத்திரமாக இருக்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், இந்தக் கன்சோலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாற்றுவது சுலபம்: 2.5 அங்குல சாட்டா டிஸ்க், 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்குள். சேவ் டேட்டாவை யுஎஸ்பியில் நகல் எடுத்துக்கொண்டு பிறகு திருகாணியைத் தொடுங்கள். பிளேஸ்டேஷன் 4இல் அந்த வசதி இருக்கிறது.