தவணை கட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி: லண்டனில் 2022-இல் குடியிருப்பு அடமானக் கடனில் ஒரு பிளாட் வாங்கி, அதிலேயே வசித்து வருகிறேன். இப்போது மான்செஸ்டருக்கு மாற்றல். இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுவேன். அதுவரை பிளாட்டை வாடகைக்கு விட நினைக்கிறேன். "தவணை ஒழுங்காகப் போனால் வங்கிக்கு என்ன தெரியப்போகிறது?" என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் நண்பரைப் போன்றவர்களால்தான் எங்களைப் போன்ற சட்ட ஆலோசகர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது. அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடமானம் வைத்தவர் தன் வீட்டை வாடகைக்கு விடலாம் என்றுதான் 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பத்திரத்தில் எழுதி அந்த உரிமையை நீக்கிவிடலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வங்கிகள் வழக்கமாக நீக்கித்தான் வைத்திருக்கும். அடமான நிபந்தனைகளைப் புரட்டிப் பாருங்கள். எழுத்துமூல அனுமதியின்றி வாடகைக்கு விடக் கூடாது என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அதை மீறினால், ஒரு தவணைகூடத் தவறாத நிலையிலும் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகிறீர்கள். முழுக் கடனையும் திருப்பிக் கேட்கும் நிலை வரலாம்.

இது குற்றமா என்று பயப்பட வேண்டாம். வாங்கும்போது குடியிருக்கவே வாங்கினீர்கள், குடியிருந்தும் இருக்கிறீர்கள். வாடகைக்கு விடும் எண்ணத்தை மறைத்துக் கடன் வாங்கியிருந்தால் அது 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். இனி வங்கி கேட்கும் கேள்விக்கும் பொய் சொல்லாதீர்கள்.

வங்கியைவிடக் காப்பீடுதான் எனக்குக் கவலை. உரிமையாளர் குடியிருக்கும் வீடு என்று சொல்லி எடுத்த பாலிசியில், வாடகைக்காரர் சமையலறையில் தீப்பிடித்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். வீடும் போய், கடனும் நிற்கும்.

அடுத்து, குடிவருபவர். நாளை ஏதோ காரணத்தால் தவணை நின்று வங்கி வழக்குப் போட்டால், விசாரணைக்கு முன்பே 'வாடகைக்காரர் அல்லது குடியிருப்பவர்' என்று மேலே எழுதிய உறை அந்த வீட்டு வாசலில் வந்து விழும். அதைப் பிரிக்கும்போதுதான் தான் அனுமதியில்லாத வாடகைக்காரர் என்பதே அவருக்குத் தெரியவரும். அடமான வீட்டில் குடியிருக்கும் வாடகைக்காரரைப் பாதுகாக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் நீதிமன்றத்தில் அதிகபட்சம் இரண்டு மாத அவகாசம் கேட்கலாம். அதன்பின் உங்கள்மீது பாய்வார், பாய்வது நியாயமும்கூட.

ஆகவே வங்கிக்குப் போன் செய்து 'கன்சென்ட் டு லெட்' (இருக்கும் கடனிலேயே வாடகைக்கு விட அனுமதி) வேண்டும் என்று கேளுங்கள். இந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் உங்களை 'பை டு லெட்' (வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கும் வீட்டுக்கான) கடன் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். வேலை மாற்றத்துக்கான கடிதம் கையில் இருக்கட்டும். கட்டணமோ கூடுதல் வட்டியோ கேட்கலாம், காலவரையும் வைக்கலாம். அனுமதி எழுத்தில் வந்த பிறகே விளம்பரம் கொடுங்கள். பிளாட்டை வழக்கமாக நீண்ட காலக் குத்தகையில்தான் வாங்குகிறோம் என்பதால் உங்கள் குத்தகைப் பத்திரத்தையும் பாருங்கள்: நிலத்தின் உரிமையாளரிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். பலர் கோட்டைவிடும் இடம் இது.

முன்பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ப்பது, குடிவருபவருக்கு இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று ஆவணங்களைச் சரிபார்ப்பது, வாடகையை வரிக் கணக்கில் காட்டுவது எல்லாம் வழக்கமானவை. அடமான வட்டியை மட்டும் செலவாகக் கழிக்க முடியாது. அதில் 20 சதவீத அளவுக்கே வரிச் சலுகை கிடைக்கும்.

"இரண்டு ஆண்டுகளில் திரும்புவேன்" என்கிறீர்களே, அங்கே ஒரு சிக்கல். 2025-ஆம் ஆண்டு வாடகைக்காரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் வழியை மூடிவிடுகிறது. நீங்களே குடிவரப்போவதாகக் காட்டிக் கேட்கலாம். ஆனால் நான்கு மாத அறிவிப்பு தர வேண்டும், வாடகை தொடங்கிய முதல் ஆண்டில் அந்தக் கெடு முடியவும் கூடாது. வங்கி உங்களுக்கு ஓராண்டு அனுமதிதான் தருகிறது என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வங்கியின் காலவரை, சட்டத்தின் கெடு என்ற இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதியை நீட்டிப்பார்களா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.