ஒரே சம்ப், ஒரே சபை

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ் வீட்டு அக்காவும் நானும் ஒரே சபை. மெட்ரோ தண்ணீர் சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) ஏறியதும் அவர்கள் மோட்டாரைப் போட்டு வழித்தெடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குக் குடத்துக்குக்கூட மிஞ்சுவதில்லை. இரண்டு தடவை படியில் நின்று கத்திக்கொண்டோம். சபையின் மகளிர் ஐக்கியத்தில் (பெண்கள் குழுவில்) சிலரிடம் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். "நீ கிறிஸ்தவள்தானே, விட்டுக்கொடு" என்கிறார் கணவர். எவ்வளவுதான் விட்டுக்கொடுப்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, உங்கள் கணவருக்கு ஆதியாகமம் 26ஆம் அதிகாரம் நினைவில் இருக்கலாம். ஈசாக்கின் ஆட்கள் கிணறு தோண்டியதும் கேராரூர் மேய்ப்பர்கள் தண்ணீர் தங்களுடையது என்று வம்புக்கு வந்தார்கள். அந்தக் கிணற்றுக்கு ஏசேக்கு என்று பேரிட்டு அவன் நகர்ந்தான். அடுத்ததற்கும் சண்டை, அது சித்னா. மூன்றாவது கிணறு ரெகொபோத். அதற்கு யாரும் வரவில்லை. நல்ல குழாயடிக் கதைதான். ஆனால் ஈசாக்குக்கு நகர இடம் இருந்தது. உங்களுக்கு இருப்பது ஒரே சம்ப். போர்வெல் போட்டாலும் கடலோரம் உப்புத்தண்ணீர்தான்.

அதனால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லமாட்டேன். கன்னத்தில் அறைந்த சேவகனிடம் இயேசுவே, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டிருக்கிறார் (யோவான் 18:23). கேட்பது சண்டை ஆகாது. யாரிடம், எப்போது கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு.

சகோதரன் குற்றஞ்செய்தால், "நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில்" அதை அவனுக்கு உணர்த்து என்கிறது மத்தேயு 18:15. ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போவது அதற்கு அடுத்த படி, சபைக்குச் சொல்வது அதற்கும் அப்புறம். நீங்கள் நேராக ஐக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பேரில் நம் சபைகளில் எவ்வளவு வம்பு ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். படியில் நின்று கத்தியதும் தனித்துப் பேசியதில் சேராது.

தண்ணீர் வரும் நேரத்தில் போகாதீர்கள். கையில் குடம் இருக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஞாயிறு மதியம் சாப்பிட்டு ஓய்ந்தபின் போங்கள், கணவரைக் கூட்டிப்போக வேண்டாம். பழைய கணக்கு எதையும் எடுக்காமல் மோட்டார் விஷயத்தை மட்டும் பேசுங்கள். "அக்கா, காலையில் பிள்ளைகளைக் கிளப்பத் தண்ணீர் இல்லை. உங்களுக்கு எந்த நேரம் தோது, சொல்லுங்க, மிச்ச நேரத்தை நாங்க எடுத்துக்கிறோம்" என்றால் போதும். அவர்கள் வீட்டிலும் படுக்கையில் ஒரு பெரியவர் இருக்கலாம், அதிகாலை ஷிப்டு இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

அவர் கத்தினால், "சரிக்கா, அப்புறம் பேசலாம்" என்று மேலே வந்துவிடுங்கள். மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும் என்கிறது நீதிமொழிகள் 15:1, ஆனால் அன்றைக்கே மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரோமர் 12:18இல் எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் பவுலும் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் எழுதுகிறார். அப்படியும் சரிப்படாவிட்டால் ஹவுஸ் ஓனரிடம் நேரம் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சொல்லப்போவதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது கோள் ஆகாது.

ஐக்கியத்தில் பேசியதையும் நீங்களே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். எப்படியும் அது அவர் காதுக்குப் போயிருக்கும்.